பழைய படங்களைப் பார்க்கும் முன் டிவி அமைப்பைக் கவனியுங்கள்

பழைய சாகச, உளவு, அனிமேஷன் படங்களை டிவிடியிலோ புளூ-ரேயிலோ மீண்டும் பார்க்க விரும்புவோர், முதலில் தொலைக்காட்சியின் திரை விகித அமைப்பைச் சரிபார்க்க வேண்டும். 1953இல் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறை வருவதற்கு முந்தைய ஹாலிவுட் படங்கள் பெரும்பாலும் 1.37:1 என்ற அகல-உயர விகிதத்தில் எடுக்கப்பட்டவை என்பதால், 1937இல் வெளியான 'ஸ்னோ ஒயிட்' படத்திற்கு இருபுறமும் கறுப்புப் பட்டை தெரிவதே சரி. திரையை நிரப்ப இழுத்தால் முகங்கள் அகன்றுவிடும். ஜேம்ஸ் பாண்ட் வரிசையில் 1965இன் 'தண்டர்பால்' முதல்தான் 2.35:1 என்ற மிக அகலமான திரை வந்தது; அதற்குப் பட்டை மேலும் கீழும் வரும்.

இதைவிட முக்கியமானது, அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைப்பது. எல்ஜி தொலைக்காட்சிகளில் 'ட்ரூமோஷன்' என்றும் சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்றும் பெயர் கொண்ட இந்த வசதி, விநாடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) எடுக்கப்பட்ட படத்தின் இடையே தானே உருவாக்கிய சட்டங்களைச் செருகுகிறது. கையால் வரையப்பட்ட அனிமேஷனில் ஒரே ஓவியம் பல இடங்களில் இரண்டு சட்டங்களுக்கு நீடிக்கும். ஓவியர் அளந்து வைத்த அந்தத் தாளத்தை இச்செருகல் குலைத்து, வேகமான அசைவுகளில் கோடுகளையும் சிதைத்துவிடுகிறது, அது அவருடைய உழைப்புக்குச் செய்யும் அநியாயம். 'ஃபிலிம்மேக்கர் மோட்' உள்ள தொலைக்காட்சியில் அதைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் செருகல் நின்றுவிடும், படத்தின் விகிதமும் மாறாமல் இருக்கும்.