தேறி வரும்போதுதான் விழுவார்கள்: பக்கவாத வீட்டில் நாங்கள் செய்த தவறுகள்

வாப்பாவுக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்ட முதல் மாதம், ஒருமுறைகூட விழவில்லை. விழ விட்டால்தானே, எந்நேரமும் நாலு பேர் சுற்றி நின்றோம். கைத்தடி ஊன்றித் திண்ணை வரை நடக்க ஆரம்பித்து, பார்க்க வருகிறவர்களிடம் "அல்ஹம்துலில்லாஹ், நல்லாத் தேறிட்டாக" என்று உம்மா சொல்லத் தொடங்கிய வாரத்தில்தான் விழுந்தார். சுபுஹு பாங்கு, அதாவது அதிகாலைத் தொழுகைக்கான அழைப்பு, காதில் விழுந்ததும், விளக்கைப் போடாமல், யாரையும் எழுப்பாமல், ஒளு செய்ய (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவ) போயிருக்கிறார். குளியலறை வாசற்படியில் இடது கால் விரல் தட்டிவிட்டது.

ராமநாதபுரம் கடற்கரையில் எங்கள் பெரியபட்டினம், கீழக்கரைப் பக்கம் பக்கவாத நோயாளி உள்ள வீடுகளில் விசாரித்தால் பெரும்பாலும் இதே கதைதான். காலுக்குப் பலம் வருவதற்கு முன்னால் மனசுக்குத் தைரியம் வந்துவிடுகிறது. அதே நேரத்தில் வீட்டார் கண்ணும் அசந்துவிடுகிறது.

முதல் தவறு, படுக்கையிலிருந்து எழுந்த வேகம். படுத்திருப்பவர் சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை கிறுகிறுக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இன்னும் அதிகம். கட்டில் விளிம்பில் இரண்டு பாதமும் தரையில் படும்படி ஓரிரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். கட்டில் முழங்கால் உயரத்துக்கு இருக்கட்டும். தொய்ந்த கயிற்றுக் கட்டிலும் தரையில் விரித்த பாயும் எழும்போது சதி செய்யும். வாதம் வந்தவர்களில் பலருக்குச் சிறுநீரை அடக்க முடிவதில்லை. ராத்திரி அவசரமாக ஓடுவார்கள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே யூரின் கேன் வைத்தோம். வெட்கப்பட்டார். ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

அடுத்தது, நாங்கள் பிடித்த பக்கம். நடக்கும்போது வலது கையைப் பிடித்துக்கொள்வேன். அந்தக் கைதானே திரும்பப் பிடிக்கிறது! பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்துவிட்டு, "அவுக சாய்ஞ்சா எந்தப் பக்கம் சாய்வாக?" என்று கேட்டார். இடது பக்கம்தான். நான் நின்றது வலது பக்கம். துணைக்கு வருகிறவர் பலவீனமான பக்கத்தில், அரை அடி பின்தங்கி நடக்க வேண்டும். நோயாளியின் இடுப்பில் அகலமான துணிப்பட்டை ஒன்றைக் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளலாம். வாதக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தசை பிடிப்பில்லாத தோள், மூட்டிலிருந்து நழுவிவிடும். பிறகு மாதக்கணக்கில் வலி. கைத்தடி நல்ல கையில்தான் இருக்க வேண்டும். "விழுந்த கைக்கும் பயிற்சி ஆகட்டும்" என்று இடது கையில் கொடுத்துப் பார்த்த புத்திசாலி நான்தான். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வாதக் கால் முதலில்.

காலில் போடுவதைப் பற்றி. வாதக் காலின் நுனி மேலே தூக்காது, தொங்கும். நிலைப்படி, தரை விரிப்பின் ஓரம், முசல்லாவின் (தொழுகை விரிப்பின்) குஞ்சம் என்று எதிலும் தட்டும். ரப்பர் செருப்பை விரலால் கவ்வவும் அந்தக் காலுக்குத் தெம்பிருக்காது. குதிகாலில் வார் உள்ள செருப்பு வாங்குங்கள். நுனி ரொம்பத் தொங்கினால் கணுக்காலோடு சேர்த்துப் போடும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை மருத்துவர் எழுதித் தருவார். கைலியைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். நம் கரையில் இன்னொன்றும் உண்டு: மணல். ஆடிக் காற்றில் வாசல் வழியாக வந்து டைல்ஸ் தரையில் மாவாகப் படியும். கண்ணுக்கே தெரியாது, காலடியில் மட்டும் உருளும். ஒரு நாளில் இரண்டு தடவை கூட்டினாலும் போதாது.

எங்களுக்குப் புரிய அதிக நாள் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வாப்பா தட்டில் இடது பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிடுவார். இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொள்வார். "பாத்து நடந்தா என்ன வாப்பா" என்று சலித்துக்கொள்வோம். மூளையின் வலப்பக்கம் அடிபட்ட சிலருக்கு இடது பக்க உலகமே கவனத்தில் ஏறாதாம். கண் நன்றாகத்தான் இருக்கும், மூளை அந்தப் பக்கச் சேதியை வாங்காது. திட்டுவதால் பிரயோசனமில்லை. நிலையின் இடது பக்கம் சிவப்பு டேப் ஒட்டினோம். ஒவ்வொரு வாசலிலும் நின்று, தலையை இடப்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு நுழையப் பழக்கினோம்.

குளியலறைக் கைப்பிடியை அவசரப்பட்டு மாட்டிவிடாதீர்கள். உப்புப் பூத்துப் பொரிந்த சுவரில் அடித்த ஸ்க்ரூ ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடும். எங்கள் வீட்டில் வந்தது. நல்லவேளை, பிடித்து இழுத்துப் பார்த்தது நான். பூச்சைக் கொத்தி உள்ளே உறுதியாக முடுக்கிய எவர்சில்வர் குழாய்தான் இங்கே நிற்கும், இரும்பு துரு ஏறிவிடும். துண்டு போடும் கம்பியும் வாஷ்பேசினும் ஆள் எடைக்குச் செய்தவை அல்ல. ஒளு செய்யக் குழாயடியில் கைவைத்த கனமான நாற்காலி போட்டோம். லேசான பிளாஸ்டிக் நாற்காலி ஈரத் தரையில் பின்னால் வழுக்கும். தொழுகையை மட்டும் உட்கார்ந்து செய்ய மாட்டேன் என்று அடம். ஆலிம்சா வீட்டுக்கே வந்து, நோயாளி உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழலாம் என்று சொன்ன பிறகுதான் கேட்டார்.

நேராக நடக்கும்போதைவிட, திரும்பும்போதும் உட்காரும்போதும்தான் கால் குழம்புகிறது. தெருவில் யாரோ சலாம் சொன்னால் நடந்துகொண்டே திரும்பிப் பதில் சொல்வார். நடையும் பேச்சும் ஒரே நேரத்தில் அந்த மூளைக்குப் பாரம். நின்றுவிட்டுப் பேசட்டும். திரும்புவதும் வள்ளம் திருப்புகிற மாதிரி அகலமாக, சின்னச் சின்ன எட்டாக இருக்கட்டும். நாற்காலியின் விளிம்பு இரண்டு காலின் பின்பக்கமும் தொடும் வரை உட்காரக் கூடாது.

விழுந்த அன்று எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய தவறு செய்தோம்: ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். முதலில் அப்படியே கிடக்க விட்டு, எங்கே வலிக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். வாதப் பக்கத்து எலும்பு நாளாக நாளாகத் தேய்ந்து போவதால் இடுப்பெலும்பு எளிதில் முறியும். இடுப்பு வலித்தாலோ, கால் வெளிப்பக்கம் திரும்பிக் குட்டையாகத் தெரிந்தாலோ அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், உள்ளே கசியலாம். விழுந்ததே இன்னொரு வாதத்தாலும் இருக்கலாம். வாய் கோணுகிறதா, கை தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது.

பிறகுதான் தெரிந்தது, அதற்கு முன்பே முற்றத்தில் ஒருமுறை சறுக்கியிருக்கிறார். சொன்னால் ஏசுவோம் என்று மறைத்துவிட்டார்.

அந்தப் பயத்தில் உம்மா இரண்டு வாரம் அவரைக் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை. கால் பழையபடி தளர்ந்துவிட்டது. நடக்காத கால்தான் அடுத்து விழப்போகிற கால் என்று பிசியோதெரபிஸ்ட் சத்தம் போட்டார். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். இப்போது மாலை அசர் தொழுகைக்குப் பிறகு தெருமுனை வரை போய்வருகிறார், நான் இடது பக்கம். கடற்கரை மணலில் இறங்க இன்னும் அனுமதி இல்லை. "கடல்ல ஆடுற வள்ளத்துல நின்னவன்டா நான்" என்று அதற்கும் தினம் ஒரு சண்டை நடக்கிறது.