லிஸ்ப்: புதியவர்கள் இடறும் இடங்கள்

லிஸ்ப் என்ற நிரல்மொழியைப் படிக்க வருகிறவர்கள் முதலில் அலுத்துக்கொள்வது அடைப்புக்குறிகளைப் பார்த்துத்தான். அந்த அலுப்பு ஒரு வாரத்தில் பழகிவிடும். அதற்குப் பிறகும் மணிக்கணக்கில் உட்காரவைக்கிற பிழைகள் வேறு. லிஸ்ப்பில் நிரலும் தரவும் ஒரே பட்டியல் வடிவம்தான். கையில் இருக்கும் பட்டியலை இயக்கச் சொல்கிறோமா, அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்கிறோமா என்ற தெளிவு இல்லாவிட்டால் சிக்கல் ஆரம்பிக்கிறது.

அதற்கும் முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜான் மெக்கார்த்தி 1958இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிவைத்த லிஸ்ப் இன்று ஒரு பெரிய குடும்பம். 1975இல் வந்த ஸ்கீம், 1994இல் தரநிலை பெற்ற காமன் லிஸ்ப், 2007இல் வந்த க்ளோஜர், ஈமாக்ஸ் எடிட்டருக்குள் இருக்கும் லிஸ்ப் என்று கிளைகள் பல. ஸ்கீம் பாடத்தைப் படித்துவிட்டுக் காமன் லிஸ்ப்பில் தட்டிப் பார்ப்பது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. காமன் லிஸ்ப்பில் காலிப் பட்டியலும் 'நில்' என்ற வெற்று மதிப்பும் ஒன்றுதான், நிபந்தனையில் அதற்குப் 'பொய்' என்று அர்த்தம். ஸ்கீமில் காலிப் பட்டியலுக்கு 'மெய்' என்று அர்த்தம். அதனால் 'பட்டியல் தீர்ந்துவிட்டதா' என்று பார்க்கும் ஒரு நிபந்தனையை அப்படியே எடுத்துப் போட்டால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விடை மாறிவிடும். ஏதாவது ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு சில மாதங்கள் அதிலேயே இருங்கள். இங்கே நான் பேசுவது காமன் லிஸ்ப், அதிலும் அதை இயக்கும் எஸ்.பி.சி.எல். என்ற மென்பொருள். கட்டளைப் பெயர்களை ஒலிப்பைப் பார்த்துத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

சி, ஜாவா எழுதிப் பழகியவர்கள் 'எதற்கும் இருக்கட்டும்' என்று கூடுதலாக ஓர் அடைப்புக்குறி போடுவார்கள். அங்கே அதனால் கெடுதல் இல்லை. லிஸ்ப்பில் அடைப்புக்குறியைத் திறந்தாலே பெரும்பாலும் ஒரு செயற்கூற்றை (ஃபங்ஷனை) அழைக்கிறீர்கள் என்று அர்த்தம். (+ 2 3) என்றால் 5. ((+ 2 3)) என்றால் பிழை, ஏனென்றால் உள்ளே இருப்பது செயற்கூற்றின் பெயர் அல்ல. மாறிகளை அறிமுகப்படுத்தும் 'லெட்'டில் இதற்கு நேர்மாறாக ஒன்றைக் குறைத்துவிடுவார்கள். (லெட் ((விலை 40)) ...) என்று எழுத வேண்டியதை (லெட் (விலை 40) ...) என்று எழுதினால், 'விலை' ஒரு மாறி, 40 இன்னொரு மாறி என்று எடுத்துக்கொண்டு, எண் எப்படி மாறியாகும் என்று மறுத்துவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட மாறிகளை அறிமுகப்படுத்த இடம் வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வெளி அடைப்பு. மூடும் குறிகளை விரல்விட்டு எண்ண வேண்டாம். வரிகளை உள்தள்ளும் வேலையை எடிட்டரிடம் விட்டுவிட்டு, ஒரு வரி எதிர்பாராத இடத்தில் போய் நின்றால் அதற்கு மேலே தேடுங்கள்.

மேற்கோள் குறிக்கு வருவோம். '(1 (+ 1 1)) என்று எழுதிவிட்டு (1 2) வரும் என்று காத்திருப்பவர்கள் நிறைய. வருவது (1 (+ 1 1)) தான். மேற்கோள் போட்டதும் உள்ளே இருப்பது எதுவும் இயங்காது. கணக்கிட்ட மதிப்புகள் வேண்டுமென்றால் (லிஸ்ட் 1 (+ 1 1)). மேற்கோளிட்ட பட்டியல் நிரலின் ஒரு பகுதி என்பதால் அதை மாற்றவும் கூடாது. மாற்றினால் என்ன ஆகும் என்று தரநிலை எந்த உறுதியும் தரவில்லை.

மாற்றுவது என்றால் பட்டியலை வரிசைப்படுத்தும் 'சார்ட்'டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கேள்விகளிலேயே அதிகம் வருவது இதுதான். *எண்கள்* என்ற மாறியில் (லிஸ்ட் 3 1 2) இருக்கிறது. (சார்ட் *எண்கள்* #'<) என்று, அதாவது சிறியது முதலில் வரும்படி, தட்டினால் (1 2 3) என்று சரியாக வருகிறது. இப்போது *எண்கள்* என்று மட்டும் தட்டிப் பாருங்கள். எஸ்.பி.சி.எல். (3) என்று காட்டும். மற்ற இரண்டு எண்களும் எங்கே போயின?

எங்கும் போகவில்லை. லிஸ்ப் பட்டியல் என்பது கண்ணிகளின் சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மதிப்பும், அடுத்த கண்ணிக்கான சுட்டியும் இருக்கும். 'சார்ட்' புதிய சங்கிலி கட்டுவதில்லை, இருக்கும் கண்ணிகளையே மாற்றிக் கோக்கிறது. உங்கள் மாறியோ பழையபடி 3 இருக்கும் கண்ணியையே பிடித்துக்கொண்டிருக்கிறது. வரிசைப்படுத்திய பின் அது கடைசிக் கண்ணி. அங்கிருந்து பார்த்தால் 3 மட்டும்தான் தெரியும். ஆகவே விடையைத் திரும்ப வாங்கி வையுங்கள்: (செட்எஃப் *எண்கள்* (சார்ட் *எண்கள்* #'<)). மூலப் பட்டியலும் வேண்டுமென்றால் 'காப்பி-லிஸ்ட்' எடுத்துக்கொண்டு வரிசைப்படுத்துங்கள். 'டெலீட்', 'என்ரிவர்ஸ்' இரண்டும் இதே ரகம். 'ரிமூவ்', 'ரிவர்ஸ்' மூலத்தைத் தொடாது, தொடக்கத்தில் இவை போதும்.

சமமா என்று பார்ப்பதற்கு 'ஈக்யூ', 'ஈக்யூஎல்', 'ஈக்வல்', 'ஈக்வல்பி' என்று இத்தனை எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதல் இரண்டும் இது அதே பொருள்தானா என்று பார்க்கும். 'ஈக்வல்' உள்ளடக்கம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். "மதுரை" என்று இரண்டு முறை தட்டினால் அவை இரண்டு தனித்தனிச் சரங்கள் (எழுத்துத் தொடர்கள்). அதனால்தான் பட்டியலில் தேடும் (மெம்பர் "மதுரை" '("திருச்சி" "மதுரை")) நில் தருகிறது, அதன் இயல்பான ஒப்பீடு 'ஈக்யூஎல்'. சாவியைக் கொண்டு மதிப்பைத் தேடும் ஹேஷ் டேபிளிலும் இதே கதை. சரத்தைச் சாவியாக வைத்துப் போட்டது தேடும்போது கிடைக்காது. உருவாக்கும்போதே :டெஸ்ட் #'ஈக்வல் என்று கொடுத்துவிடுங்கள். எண்களுக்கு = போதும். சரம், பட்டியல் என்றால் 'ஈக்வல்'.

கோப்பில் மதிப்பை மாற்றி மறுபடி ஏற்றியும் பழைய மதிப்பே வந்தால், மாறியை அறிமுகப்படுத்த 'டிஃப்வார்' போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஏற்கெனவே மதிப்பு இருந்தால் அது தொடாது, 'டிஃப்பாராமீட்டர்' மாற்றும்.

கடைசியாக, பிழைத்திரை. பிழை வந்ததும் நீளமான ஒரு செய்தியும், கீழே 0] என்ற குறியும் வரும். பயந்துபோய் ஜன்னலையே மூடிவிடுகிறார்கள். நிரல் அங்கே செத்துப்போகவில்லை, உங்கள் பதிலுக்காக நின்றுகொண்டிருக்கிறது. முதலில் மேலே இருக்கும் செய்தியைப் படியுங்கள், பிறகு எண் போட்ட தேர்வுகளைப் பாருங்கள். வெளியே வர வேண்டுமென்றால் 'அபார்ட்' என்ற வரியின் எண்ணைத் தட்டினால் போதும். எழுதாத ஒரு செயற்கூற்றை அழைத்ததால் நின்றிருந்தால், அந்த 0] குறியிலேயே அதை 'டிஃபன்' போட்டு எழுதிவிட்டு, மறுபடி அழைத்துப் பார் என்னும் தேர்வின் எண்ணைத் தட்டுங்கள். நின்ற இடத்திலிருந்தே நிரல் தொடர்ந்து ஓடும்.