கால் இஞ்ச் ட்ரில் பிட்டும் மூன்று பழைய கியர் லிவரும்

களியக்காவிளையில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வருவது பெரும்பாலும் ஜீப்பும் ஆட்டோவும்தான். ஆனால் ஷார்ஜாவில் பதினோரு வருஷம் கமாரோ, மஸ்டாங் என்று பழைய வி8 வண்டிகளுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தவன் என்பதால், அமெரிக்கக் கார் பற்றி இப்போதும் போன் வரும். போன மாதம் கூப்பிட்டது அக்கா மகன். டெக்சாஸில் 1967 செவர்லே செவெல் கார் ஒன்று வாங்கியிருக்கிறான். அதில் மன்சி என்கிற நாலு கியர் பாக்ஸ் நன்றாக இருக்கிறது, மேலே லிவர் மட்டும் இல்லை. மூன்று பழைய லிவர்களின் போட்டோவை அனுப்பி, "மாமா, இதில எதை எடுக்கட்டும்?" என்றான். ஒன்று செவர்லே கம்பெனியே வண்டியில் போட்டுத் தந்தது, ஒன்று ஹர்ஸ்ட் காம்பெடிஷன் பிளஸ், மற்றொன்று மிஸ்டர் காஸ்கெட் வி-கேட். அவனுக்குச் சொன்னதுதான் இது.

முதலில் குரோம் கம்பியைப் பார்த்து மயங்காதீர்கள். அது இரண்டு போல்ட்டில் நிற்கிற பொருள். கம்பியில் ஹர்ஸ்ட் என்று பொறித்திருந்தால் கம்பி ஹர்ஸ்ட், அவ்வளவுதான். கீழே இருக்கும் லிவரின் பாடியைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். லிவரிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் ராடுகளை மாட்டுகிற தகடுகள் அதில் எத்தனை என்று எண்ணுங்கள். நாலு கியருக்கு மூன்று இருக்கவேண்டும்: 1-2க்கு ஒன்று, 3-4க்கு ஒன்று, ரிவர்ஸுக்கு ஒன்று. இரண்டே இருந்தால் அது மூன்று கியர் வண்டியின் லிவர். மேலிருந்து எடுத்த போட்டோவில் இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

ஸ்டியரிங் பக்கத்தில் லிவர் இருக்கும் கை கியர் அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு இந்தச் சங்கதியை விளக்கவே வேண்டாம். ராடு மாட்டும் இடத்தில் இருக்கும் வளையம், அதாவது புஷ், தேய்ந்துவிட்டால் கியர் எங்கோ போய்ச் சிக்கும். இறங்கி பானெட்டைத் திறந்து ராடைத் தட்டிவிட்டுத்தான் கிளம்ப முடியும். "கியர் பாக்ஸைக் குறை சொல்லாதே, வழியைப் பாரு" என்பார் எனக்குத் தொழில் சொல்லித்தந்த ஆசான். அமெரிக்க வண்டியிலும் அதே கதைதான், லிவர் மட்டும் தரைக்கு வந்துவிட்டது.

இனி மூன்றையும் பார்ப்போம். கம்பெனி லிவர், வண்டி பிறந்தபோது இருந்த மாதிரியே வைத்திருக்க நினைப்பவர்களுக்கு. வேகமாக மாற்றினால் கைக்குக் கொழகொழவென்று இருக்கும். போன்டியாக் 1964லேயே ஜி.டி.ஓ.வில் ஹர்ஸ்ட்டை மாட்டி விற்றது. செவர்லே 1969ல் அதே வழிக்கு வந்தது. கம்பெனிக்காரனே கைவிட்டதை நான் தேடிப் போய் வாங்கமாட்டேன். வி-கேட் நேர்க்கோட்டுப் பந்தயக்காரர்களின் சாமான். ஆபீஸுக்கும் கடைக்கும் போய்வர அது எதற்கு?

மிச்சம் ஹர்ஸ்ட். இதிலும் தேய்ந்தது, வளைந்தது எல்லாம் சந்தைக்கு வரும். பாடியில் ஒரு துளை இருக்கும். லிவரை நியூட்ரலில் வைத்து, கால் இஞ்ச் ட்ரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தை அதில் நுழைக்கச் சொல்லி வீடியோ கேளுங்கள். மூன்று தகடுகளையும் தாண்டி வெண்ணெயில் கத்தி போவதுபோல் போகவேண்டும். போன பிறகு ஒவ்வொரு தகட்டையும் ஆட்டச் சொல்லுங்கள். கடகடவென்று ஆடினால் துளை பெருத்துவிட்டது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். பிட்டே போகவில்லை என்றால் வேண்டாம்.

அப்புறம், ராடும் பிராக்கெட்டும் கூடவே வருகிறதா என்று பாருங்கள். மன்சியில் ரிவர்ஸ் கை, அதாவது ராடின் மறுமுனை மாட்டும் தகடு, பாக்ஸின் வாலில் இருக்கும். ஃபோர்டின் நாலு கியர் பாக்ஸான டாப்லோடரில் மூன்று கைகளும் பாக்ஸின் பக்கவாட்டிலேயே இருக்கும். அதன் ராடு இதற்கு உதவாது. பாடி சல்லிசாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டு ராடுக்கு அலைந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். புஷ்ஷைப் பொறுத்தவரை, வாங்கியதும் மாற்றிவிடுங்கள். அங்கே புஷ்ஷும் கிளிப்பும் செட்டாகவே கிடைக்கும். இங்கே என்றால் மார்த்தாண்டத்தில் ஏதாவது லேத்தில் பித்தளையில் கடைந்துதான் போடவேண்டும்.

மாட்டும்போது, கியர் பாக்ஸின் கைகளும் நியூட்ரல், லிவரும் நியூட்ரல், ட்ரில் பிட் துளைக்குள். ராடின் மரையில் இருக்கும் பட்டனை, தகட்டின் ஓட்டைக்குள் தானாக விழும்வரை சுற்றுங்கள். இழுத்துப் பிடித்து மாட்டக்கூடாது.

கடைசியாக ஸ்டாப் போல்ட், லிவர் அளவுக்கு மீறிப் போகாமல் தடுப்பது. ஷார்ஜாவில் முதல் கமாரோவுக்கு நான் இதைத் தொடாமலே வண்டியைக் கொடுத்துவிட்டேன். அர்பாப், அதாவது முதலாளி, மூன்றாம் கியரை ஓங்கித் தள்ள, அடி முழுக்க பாக்ஸுக்குள்ளே கியரைத் தள்ளும் ஃபோர்க்கின் தலையில் விழுந்து அது வளைந்துவிட்டது. பாக்ஸை மறுபடி இறக்கினேன், முழுக்க என் தப்பு. ஆகவே முதலில் இரண்டு போல்ட்டையும் நன்றாக வெளியே எடுங்கள். லிவரை மூன்றாம் கியரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முட்டுகிற வரை போல்ட்டை உள்ளே விடுங்கள். கையை எடுத்து, போல்ட்டை ஒரு சுற்று திருப்பி எடுத்து லாக் நட்டை இறுக்குங்கள். நாலாம் கியருக்கும் அப்படியே.

மருமகன் ஹர்ஸ்ட்டைத்தான் வாங்கினான். மாட்டிக்கொண்டிருக்கும்போதே வீடியோ காலில் வந்தான், எனக்கு ராத்திரி, அவனுக்குக் காலை. ட்ரில் பிட் முதல் தகட்டைத் தாண்டி இரண்டாவதில் முட்டி நின்றது. பிட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"அதைத் தட்டாதே மக்கா. 3-4 ராடைக் கழற்று, பட்டனை ரெண்டு சுற்று வெளியே எடு."

ஐந்து நிமிஷம் காரின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. பிறகு குரல்: "போயிட்டு மாமா."