சத்தம் டயரிலா, பேரிங்கிலா? ஏற்காட்டுச் சாலையில் கார் ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்கு வாரம் ஒரு முறையாவது காரில் ஏறி இறங்குவது என் பிழைப்பின் ஒரு பகுதி. சென்ற ஆண்டு ஐப்பசி மழை ஓய்ந்த சமயத்தில் வண்டியின் பின்பக்கத்திலிருந்து ‘ஊம்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. 40 கி.மீ. வேகத்தில் வண்டு ரீங்கரிப்பது போல இருந்த அது, 80-ஐத் தொட்டபோது பக்கத்துத் தெருவில் மாவு மில் ஓடுவது போல ஆனது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தவர், வண்டியை விட்டு இறங்கும் முன்பே "பேரிங் போயிடுச்சு" என்று முடிவு சொல்லிவிட்டார். நானும் மறுவார்த்தை பேசாமல், சக்கரத்தை உரசாமல் சுழலவிடும் அந்தப் பேரிங்கைப் பின்பக்க இடது சக்கரத்தில், அது அமர்ந்திருக்கும் ஹப்போடு மாற்றச் சொன்னேன். பணத்தைக் கட்டி வண்டியை எடுத்து, ஐந்து ரோடு மேம்பாலத்தில் ஏறி முடிப்பதற்குள் அதே மாவு மில் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்துக் காற்று அடிக்கப் போன பஞ்சர் கடையில், அங்கிருந்த பெரியவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "தம்பி, பட்டன் மேல உள்ளங்கையை வெச்சு முன்னால ஒருக்கா, பின்னால ஒருக்கா தடவிப் பாருங்க" என்றார். சாலையைத் தொடும் பரப்பில் உள்ள ரப்பர் கட்டைகளைத்தான் பட்டன் என்கிறார்கள். ஒரு திசையில் தடவியபோது கை வழுக்கிக்கொண்டு போனது. எதிர்த் திசையில் ஒவ்வொரு கட்டையின் விளிம்பும் விரலில் இடறியது. மீனை வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் செதில் எப்படிக் குத்துமோ, அப்படி இருந்தது. டயர் கட்டைகளின் ஒரு முனை மற்ற முனையைவிட அதிகமாகத் தேய்ந்து ரம்பப் பல்லைப் போல ஆகிவிட்டால், சுழலும்போது ஒவ்வொரு பல்லும் சாலையை அறைந்து அந்த முழக்கத்தை எழுப்புகிறது. முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பின் டயர்கள் சும்மா உருண்டு வருவதால், இடம் மாற்றிப் போடாமல் விட்டால் இந்தத் தேய்மானம் பெரும்பாலும் அவற்றில்தான் வரும். நான் 20,000 கி.மீ. வரை அவற்றைத் தொடவே இல்லை.

ஆக, முதல் தவறு சத்தத்தைக் கேட்டவுடன் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவது. எந்த வேகத்தில் வருகிறது, எந்தச் சாலையில் கூடுகிறது, வளைவில் மாறுகிறதா என்று மூன்று கேள்விகளுக்கு விடை தெரியாமல் எந்த உதிரிபாகத்தையும் மாற்றச் சொல்லக் கூடாது. டயரின் சத்தம் சாலையின் பரப்புக்கு ஏற்ப மாறும். புதிதாகத் தார் போட்ட வழவழப்பான பகுதியில் அடங்கி, ஜல்லி பெயர்ந்த பழைய சாலையிலும் சிமெண்ட் தளத்திலும் உரக்கக் கேட்கும். பேரிங் சத்தம் சாலையைப் பற்றிக் கவலைப்படாது. வேகத்தோடு கூடும், வேகத்தோடு குறையும். ஆனால் வளைவில் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். வண்டி வலப்பக்கம் திரும்பும்போது எடை இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்வதால், அப்போது முழக்கம் கூடினால் இடது பேரிங்கையும், இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலது பேரிங்கையும் சந்தேகிக்கலாம். சந்தேகத்தை உறுதிசெய்ய, ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் ஸ்டாண்டு கொடுத்த பிறகு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். பிறகு ஸ்பிரிங்கின் மேல் ஒரு கையை வைத்தபடி மறுகையால் சக்கரத்தைச் சுழற்றினால், கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாகக் கைக்கு வரும். ஐந்து நிமிட வேலை. என் வண்டிக்கு அதை யாரும் செய்யவில்லை, நானும் செய்யச் சொல்லவில்லை.

இந்தச் சோதனையை மலைப்பாதையில் செய்வது இன்னொரு தவறு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும்போது வேகம் 30-ஐத் தாண்டுவதே அரிது. டயரும் பேரிங்கும் முழங்குவதற்கு அந்த வேகம் போதாது. அதோடு, பாதி மலை ஏறுவதற்குள் காது அடைத்துக்கொள்வதால் எந்தச் சத்தமும் குறைந்தது போலத்தான் தோன்றும். பதினைந்தாவது வளைவுக்கு மேல் ‘சத்தம் தானாகவே சரியாகிவிட்டது’ என்று நான் மகிழ்ந்ததும், எச்சில் விழுங்கிக் காது திறந்ததும் ஊம் என்று அது திரும்பி வந்ததும் உண்டு. தொப்பூர்ப் பக்கம் போகும் நான்கு வழிச் சாலையில், கணவாய் ஏற்றம் தொடங்குவதற்கு முன் உள்ள சமதளத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரே வேகத்தில் ஓட்டிக் கேட்பதே சரி.

மலைப்பாதையில் மட்டுமே கேட்கும் சத்தங்களும் உண்டு. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துக் கொண்டை ஊசியில் திரும்பும்போது முன்பக்கத்தில் ‘கடக், கடக்’ என்று கேட்டால் அது டயர் அல்ல, அச்சின் முனையில் உள்ள சி.வி. ஜாயின்ட், அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். சக்கரத்தின் வேகத்துக்கு ஏற்ப ‘டிக், டிக்’ என்று வந்தால் பட்டனுக்குள் ஜல்லி சிக்கியிருக்கலாம், ஆணியாகவும் இருக்கலாம். ஜல்லியை நெம்பி எடுத்துவிடலாம். ஆணி என்றால் அந்த இடத்திலேயே பிடுங்காமல், காற்றைப் பார்த்துக்கொண்டு பஞ்சர் கடை வரை மெதுவாகப் போவதே நல்லது, ஏனென்றால் டியூப்லெஸ் டயரில் அந்த ஆணியேதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும்.

காற்று விஷயத்தில்தான் தவறுகள் அதிகம். சங்ககிரி லாரிக்காரர்கள் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி, எழும் ஒலியை வைத்தே காற்று இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்; அந்தத் தடித்த டயருக்கும் அதில் அடைக்கும் அழுத்தத்துக்கும் அது பொருந்தும். அதைப் பார்த்துப் பழகிய நாம் காரின் டயரைக் காலால் உதைத்துப் பார்த்துத் திருப்தி அடைவதில் பொருளில்லை. ரேடியல் டயரில் 7, 8 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது. காற்று குறைந்த டயரின் ஓரங்கள் அதிகமாக மடங்கிச் சூடாகும். கொண்டை ஊசியில் அது கீச்சிடுவதை ‘ரோடு சரியில்லை’ என்று நாம் தள்ளிவிடுகிறோம். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் பட்டையில் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து அடித்தால் நடுப்பகுதி மட்டும் தேய்வதோடு, சிறு குழியின் சத்தம்கூட வண்டிக்குள் மத்தளமாகக் கேட்கும்.

மலைக்குப் போகும்போது காற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்பவர்கள் சேலத்தில் நிறைய இருக்கிறார்கள். அழுத்தமானி காட்டுவது டயருக்குள் உள்ள அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ள சேலத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 2 பி.எஸ்.ஐ. குறைகிறது, அதனால் அழுத்தமானியில் அவ்வளவு கூடுதலாகத் தெரிய வேண்டும். ஆனால் மேலே 8 டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி என்றால், டயருக்குள் உள்ள காற்று சுருங்கி ஒன்றேகால் பி.எஸ்.ஐ. வரை குறைந்துவிடும். ஒன்றை மற்றொன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடுவதால், டயர் ஆறிய பிறகு மிஞ்சுவது ஒரு பி.எஸ்.ஐ.க்கும் குறைவான வித்தியாசம்தான். அதற்காக எதையும் திறக்கவோ அடைக்கவோ வேண்டியதில்லை.

உண்மையான கெடுதல் இறங்கி வரும்போது நடக்கிறது. பிரேக்கின் சூடும் வளைவுகளில் உரசிய சூடும் சேர்ந்திருக்கும் டயரோடு, வழியில் முதலில் தென்படும் பெட்ரோல் பங்கில் நிறுத்திக் காற்றைப் பார்ப்பார்கள். காலையில் 33 வைத்தது இப்போது 38 காட்டும். ‘அதிகமாக இருக்கிறது’ என்று 33-க்கு இறக்கிவிட்டால், மறுநாள் காலை ஆறிய டயரில் 28 அளவுக்குத்தான் இருக்கும். அதோடு ஒரு வாரம் ஓடுவோம். காற்றைப் பார்க்க வேண்டியது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, அல்லது இரண்டு கி.மீ.க்கு மேல் ஓடாதபோது. அதே இடத்தில் சூடான சக்கரத்தின் மேல் வாளித் தண்ணீரை வீசி அடிப்பவர்களையும் பார்க்கிறேன். தகிக்கும் டிஸ்க்கின் ஒரு பகுதி மட்டும் சட்டென்று குளிர்ந்தால் அது கோணிக்கொள்ளவும் விரிசல் விடவும் வாய்ப்புண்டு. பிறகு பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பெடல் அதிர, ‘டயர் சரியில்லை’ என்று பழி டயரின் மேல் விழும். இரண்டாவது கியரிலோ முதல் கியரிலோ இறங்கினால் டிஸ்க் அவ்வளவு சூடாகாது.

சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டையும், சுழலும் சக்கரத்தின் எடையைச் சமன்செய்யும் பேலன்சிங்கையும் ஒன்றாக நினைப்பது பரவலான குழப்பம். 80 முதல் 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் முதலில் பார்க்க வேண்டியது பேலன்சிங். ரிம்மில் ஒட்டிய சிறு எடைக்கட்டி ஒன்று விழுந்திருந்தாலே போதும். வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, டயரின் உட்பக்கம் மட்டும் தேய்ந்தாலோ அலைன்மென்ட் பார்க்க வேண்டும். காற்றைச் சரிசெய்யாமலும், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனையிலும் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்காமலும் அலைன்மென்ட் செய்வது வீண். கணினித் திரையில் எல்லா எண்களும் பச்சையாக மாறினாலும், முதல் பள்ளத்தில் அவை கலைந்துவிடும். மலையேறும் வண்டிகளில் முன் டயரின் வெளி ஓரம் சற்று அதிகமாகத் தேய்வது வளைவுகளின் இயல்பு, அதற்காகப் பதற வேண்டாம். உள்ளும் வெளியும் இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறீர்கள்.

5,000 முதல் 10,000 கி.மீ.க்குள், கையேட்டில் சொன்னபடி, டயர்களை இடம் மாற்ற வேண்டும். பக்கவாட்டில் அம்புக்குறி உள்ள டயரை வலமிடம் மாற்றாமல், ஒரே பக்கத்தில் முன்பின்னாக மட்டுமே மாற்ற வேண்டும். இதைக் கவனிக்காமல் திருப்பிப் போட்டால் சத்தம் கூடும், மழைநீரை வெளியேற்றும் திறனும் குறையும். இரண்டே டயர் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கரம்தானே இழுக்கிறது என்று கடைக்காரர் வாதிடலாம். ஆனால் மழையில் நனைந்த கொண்டை ஊசியில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க முடிகிற அளவுக்கு, பின்பக்கம் வழுக்கினால் நம்மைப் போன்ற சாதாரண ஓட்டுநர்களால் சமாளிக்க முடியாது.

நட்டுகளை இறுக்கும்போது காற்றுத் துப்பாக்கியை வைத்து ‘டர்ர்ர்’ என்று அடித்துவிட்டுப் போவதை அனுமதிக்காதீர்கள். கையால் திருகி அமர்த்தி, எதிரெதிராக மாற்றி மாற்றி, கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் மறுபடி ஒரு முறை சரிபார்க்க வேண்டும். துப்பாக்கியால் இறுக்கிய நட்டின் அருமை, குப்பனூர் வழியில் ஆளரவமற்ற ஒரு வளைவில், டிக்கியில் கிடக்கும் முழ நீளம்கூட இல்லாத ஸ்பேனரின் மேல் ஏறி நின்று குதிக்கும்போது புரியும்.

நைட்ரஜன் அடித்தால் சத்தம் குறையும் என்பதை நம்ப வேண்டாம்; சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். டயரின் வயதைப் பார்க்காமல் விடுவதும் தவறு: பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும், பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்து ஆண்டு ஆன ரப்பர் கெட்டிப்படத் தொடங்கியிருக்கும், சத்தமும் கூடும். பட்டன் ஆழம் 1.6 மி.மீ. என்ற சட்ட வரம்புக்கு மேல் இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை வெடிப்புகளைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஸ்டெப்னியின் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

என் வண்டியில் அந்த இரண்டு டயர்களையும் முன்னால் மாற்றி, காற்றைச் சரிசெய்து, அலைன்மென்ட் பார்த்தேன். முன்னால் போன பிறகு சில நாட்கள் சத்தம் இன்னும் உரக்கக் கேட்டது. சுமார் 3,000 கி.மீ. ஓடிய பின் செதில்கள் மழுங்கி, வானொலியை அணைத்தால் மட்டும் கேட்கிற அளவுக்கு அடங்கியது. கழற்றிய பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். விரலால் சுழற்றினால் துளிக் கரகரப்பும் இல்லாமல் சுழல்கிறது.