பழைய ஷாட்கன்களுக்கு ஒரு குறிப்பு நூலகம்: முதல் அலமாரியை அமைப்பது எப்படி?

பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றைக் கையில் எடுத்ததும் கேள்விகள் வரிசையாக வரும். யார் செய்தது? எந்த வருடம்? குழலும் கட்டையும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாக இருந்தவையா? பக்கத்தில் இருக்கும் பூவேலை தொழிற்சாலையில் செதுக்கியதா, பிற்பாடு விலை ஏற்றுவதற்காக யாரோ செதுக்கியதா? இவற்றுக்கெல்லாம் ஒரே புத்தகத்தில் பதில் கிடைக்காது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு வகைக் காகிதம் உண்டு. அந்தக் காகிதங்களைச் சரியான வரிசையில் சேர்ப்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

படி 1: எல்லையைச் சுருக்குங்கள்

'ஷாட்கன்' (ஒரே சுடுதலில் பல சிறு ஈயக் குண்டுகளைச் சிதற விடும் துப்பாக்கி) என்று பொதுவாகத் தொடங்கினால் அலமாரி நிரம்பும், பதில் மட்டும் கிடைக்காது. ஒரு தயாரிப்பாளரையோ ஒரு மாடலையோ எடுத்துக்கொள்ளுங்கள். வின்செஸ்டர் மாடல் 12 நல்ல தொடக்கம். 1912 முதல் 1964 வரை வழக்கமான தயாரிப்பில் இருந்தது, அதைப் பற்றி எழுதப்பட்டவையும் நிறைய. இரட்டைக் குழல்தான் வேண்டும் என்றால் பார்க்கர், எல்.சி. ஸ்மித், ஏ.எச். ஃபாக்ஸ் ஆகிய மூன்று அமெரிக்கத் துப்பாக்கிகளில் ஒன்று.

எதை எடுத்தாலும் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த நிறுவனம் எப்போது கைமாறியது என்று எழுதி வையுங்கள். கனெக்டிகட்டின் மெரிடனில் இருந்த பார்க்கரை 1934ல் ரெமிங்டன் வாங்கியது. ஃபிலடெல்ஃபியாவின் ஃபாக்ஸ் 1929ல் சாவேஜிடம் போனது. எல்.சி. ஸ்மித்தைச் செய்துவந்த ஹன்டர் ஆர்ம்ஸ் 1945ல் மார்லின் கைக்கு வந்தது. கைமாறும்போது தொழிற்சாலையும் பழக்கங்களும் மாறக்கூடும். அதனால் எந்த முத்திரையைப் பார்த்தாலும், அது இந்த வருடத்துக்கு முன்னாலா பின்னாலா என்பதுதான் முதல் கேள்வி.

படி 2: இயங்கும் விதம் புரிய ஒரு புத்தகம்

பெயர்களுக்கு முன்னால் பொறியமைப்பு புரிய வேண்டும். டபிள்யூ. டபிள்யூ. க்ரீனர் எழுதிய 'த கன் அண்ட் இட்ஸ் டெவலப்மென்ட்' முதலில் 1881ல் வந்தது, ஒன்பதாம் பதிப்பு 1910ல். மறுபதிப்புகளும் உண்டு. பாக்ஸ்லாக் (சுடும் பொறி நடு உடலுக்குள்ளேயே அடங்கியது), சைட்லாக் (பொறி பக்கத் தகடுகளில் பொருத்தியது), டமாஸ்கஸ் குழல் (இரும்பும் எஃகும் முறுக்கிப் பற்றவைத்தது), சோக் (குழல் வாயில் வரும் சுருக்கம்) எல்லாம் புழக்கத்தில் இருந்த காலத்திலேயே ஒருவர் விளக்குவதைப் படிப்பது தனி அனுபவம். ஆன்சனும் டீலியும் தங்கள் பாக்ஸ்லாக்குக்கு 1875ல் காப்புரிமை பெற்றார்கள், பீஸ்லியின் சைட்லாக் 1880ல் வந்து லண்டன் நிறுவனமான பர்டியின் கைக்குப் போனது. இந்த இரண்டையும் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன்பின் எந்தத் துப்பாக்கியின் பக்கவாட்டைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: க்ரீனரே துப்பாக்கி செய்து விற்றவர். தன் தயாரிப்பையும் போட்டியாளரின் தயாரிப்பையும் அவர் ஒப்பிடும் இடங்களைக் கவனமாகப் படியுங்கள்.

படி 3: உங்கள் தயாரிப்பாளருக்கான தனிநூல், அப்புறம் பழைய கேட்லாக்

ஒரே தயாரிப்பாளரைப் பற்றி ஆழமாக எழுதிய நூல் ஒன்றாவது வேண்டும். வாங்கும்போது அட்டையைப் பார்க்காதீர்கள், பின்னிணைப்பைப் பாருங்கள். சீரியல் நம்பர் பட்டியல் இருக்கிறதா, முத்திரைகளைப் படித்துவிடும் அளவுக்குப் படங்கள் தெளிவா? இரண்டு நூல்களின் பட்டியல்கள் மோதினால் ஒன்றை அடித்துவிட வேண்டாம். இரண்டையும் பென்சிலில் குறித்து வையுங்கள்.

கேட்லாக்கின் பயனுக்கு ஒரு உதாரணம். பார்க்கரில் வி.எச். கிரேடு (தரவரிசை) என்றால் வல்கன் எஃகுக் குழல், டி.எச். என்றால் டைட்டானிக் எஃகு. எஃகின் பெயரைக் குழலுக்கு மேலே ஓடும் ரிப் என்ற பட்டையிலேயே பொறித்திருப்பார்கள். பக்கத்தில் டி.எச். அளவுக்குப் பூவேலை, ரிப்பிலோ 'வல்கன்' என்றால், பிற்பாடு யாரோ உளியை வைத்திருக்கிறார்களா, குழலை மாற்றினார்களா என்று தேட வேண்டியதுதான். அதற்காகத் தீர்ப்பும் சொல்லிவிட முடியாது. கேட்லாக் நிறுவனத்தின் வழக்கத்தைச் சொல்லும். வாடிக்கையாளர் தனியாகக் கேட்டு வாங்கியது அதில் இருக்காது.

மறுபதிப்புக் கேட்லாக்கே போதும். அசல் பிரதியைத் தேடி அலைய வேண்டாம்.

படி 4: புரூஃப் முத்திரைகளைப் படிப்பது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பிரிட்டிஷ் துப்பாக்கிகள் லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள புரூஃப் இல்லத்தில் அழுத்தச் சோதனை முடிந்து முத்திரை பெற்றவை. அந்த முத்திரைகளுக்கு மட்டும் தனியாக ஒரு கையேடு வாங்குங்கள், விதிகள் மாறிய வருடங்களோடு.

இப்போது ஒரு துப்பாக்கியை எடுப்போம். முதலில் மடித்துத் திறந்து இரண்டு சேம்பரும் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். முன்கட்டையைக் கழற்றி, குழலைப் பிரித்து, கவிழ்த்து வையுங்கள். பின்முனையின் அடியில் தட்டையான பரப்பு ஒன்று இருக்கும். டார்ச்சை மேலிருந்து அடித்தால் எழுத்துகள் மறைந்துபோகும். பக்கவாட்டில் கிட்டத்தட்டப் படுக்க வைத்து அடியுங்கள், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும்.

வைர வடிவத்துக்குள் 12 என்ற எண்ணும் அதன் கீழ் சி என்ற எழுத்தும் தெரிகிறதா? அது சேம்பரின் அளவு. சற்றுத் தள்ளி 13 என்று இருந்தால் குழம்ப வேண்டாம், அது குழல் துளையின் அளவு. 12 போர் (bore, துளையளவு எண்; எண் கூடினால் துளை சிறியது) துப்பாக்கியில் 13 என்ற துளை முத்திரை இருப்பது சாதாரணம். துளைக்கு 12 என்று இருந்தால், சோதனையின்போது விட்டம் .729 அங்குலத்துக்குக் குறையாமலும் .740ஐ எட்டாமலும் இருந்தது என்று பொருள். இன்று அளந்தால் .742 வருகிறது என்றால் உட்புறத்தைப் பிற்பாடு தேய்த்திருக்கிறார்கள், பழைய சோதனை இனிச் செல்லாது. இரண்டு எண்களையும் துளையை அளக்கும் ஒரு போர் கேஜையும் வைத்தே இவ்வளவும் தெரிந்துகொள்கிறோம்.

'நாட் ஃபார் பால்' (ஒற்றைக் குண்டுக்கு அல்ல) என்று பொறித்திருந்தால் அது சோக் உள்ள குழல், 1875 முதல் 1887 வரையிலான காலம். அவுன்ஸில் ஈய எடையும் 'நைட்ரோ புரூஃப்' (புகையில்லா மருந்துக்கான சோதனை) என்ற சொல்லும் சேர்ந்து இருந்தால் 1954க்கு முந்தையது. டன் கணக்கில் அழுத்தம் பொறித்திருந்தால் அதற்குப் பிந்தையது.

முத்திரையைப் படித்ததால் மட்டும் பழைய குழலில் சுடலாம் என்று ஆகிவிடாது. குழல் சுவரின் தடிமனை அளக்கத் தெரிந்த துப்பாக்கிக் கலைஞரிடம் காட்டாமல் தோட்டாவைப் போடவே கூடாது.

படி 5: தொழிற்சாலைப் பதிவேடு

புத்தகம் ஒரு மாடலைப் பற்றிப் பேசும். பதிவேடு உங்கள் கையில் இருக்கும் ஒற்றைத் துப்பாக்கியைப் பற்றிப் பேசும். வயோமிங்கின் கோடி நகரில் உள்ள கோடி துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர், மார்லின், எல்.சி. ஸ்மித் பதிவேடுகள் இருக்கின்றன. சீரியல் நம்பரை அனுப்பினால், அந்த எண்ணுக்குப் பதிவு இருக்கும்பட்சத்தில் கட்டணத்துக்குக் கடிதம் தருகிறார்கள். பார்க்கருக்கு அதன் சேகரிப்பாளர் சங்கம் இதைச் செய்கிறது. பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற லண்டன் நிறுவனங்கள் தங்கள் பழைய பேரேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கின்றன. வந்த கடிதத்தைத் துப்பாக்கிப் பெட்டியில் போடாதீர்கள், எண்ணெய் ஊறிவிடும். நூலகத்திலேயே தனிக் கோப்பில் வையுங்கள்.

விலைக் கையேடுகள் கடைசியில் வந்தால் போதும், அவை சீக்கிரம் பழசாகிவிடும். ஏலக் கேட்லாக்குகளைப் படங்களுக்காகச் சேர்க்கலாம். கூடவே வரும் வர்ணனை விற்பவர் தரப்பில் எழுதியது என்பது நினைவில் இருக்கட்டும்.

படி 6: அட்டை எழுதுங்கள்

கையில் எடுக்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு அட்டை போடுங்கள், உங்களுடையதாக இல்லாவிட்டாலும். சீரியல் நம்பர் குழலில், பிரேமில் (குழல் பொருந்தும் நடு உலோக உடல்), முன்கட்டையில் தனித்தனியாக என்ன என்று எழுதுங்கள். அப்புறம் துளை அளவு, சேம்பர் நீளம், முத்திரைகள். முத்திரைகளை வார்த்தையில் விவரிப்பதைவிட வரைந்துவிடுவது நல்லது. எந்த நூலின் எந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டீர்கள் என்பதைக் கீழே குறியுங்கள். எந்தப் பக்கத்தோடும் பொருந்தாத விஷயம் வந்தால் சிவப்பு மையில் எழுதுங்கள். அடுத்து என்ன புத்தகம் வாங்குவது என்று யோசிக்கும்போது முதலில் அந்தச் சிவப்பு வரிகளை எடுத்துப் பாருங்கள்.