சோலார் போடும் முன் கம்பத்தைப் பாருங்கள்

உடுமலைப் பக்கம் வயரிங் வேலை செய்கிறேன். சோலார் போட வேண்டும் என்று கூப்பிடுகிறவர்கள் நேராக மொட்டை மாடிக்குத்தான் கூட்டிப் போவார்கள். நான் முதலில் கேட்பது, டிரான்ஸ்ஃபார்மர் எங்கே என்று.

2024-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 10 கிலோவாட் வரை கூரை சோலாருக்குத் தொழில்நுட்ப ஆய்வு கிடையாது. விண்ணப்பித்தால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. அலைச்சல் மிச்சம், நல்லதுதான். ஆனால் உங்கள் லைன் தாங்குமா என்று வந்து பார்க்கவும் ஆள் இல்லை. அதை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்குள் வீடு என்றால் பெரிதாகப் பிரச்சினை வராது. லைனின் கடைசியில், தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இருப்பவர்களுக்குத்தான் வரும். மிச்சமாகும் சோலார் கரண்ட்டை ஈ.பி. லைனுக்குத் தள்ள, பேனல் கரண்ட்டை வீட்டு கரண்ட்டாக மாற்றும் இன்வர்ட்டர் தன் பக்கம் வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றியாக வேண்டும். கம்பி நீளமாக, மெல்லிசாக இருந்தால் ரொம்பவே ஏறும். வரம்பு தாண்டியதும் இன்வர்ட்டர் நின்றுவிடும், சற்று நேரத்தில் ஓடும், மறுபடி நிற்கும். அதுவும் நல்ல வெயில் நேரத்தில். மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம்: வெயில் சுள்ளென்று அடிக்கும், யாரும் மோட்டார் போட மாட்டார்கள், லைனில் இழுவையே இருக்காது.

அதனால் பக்கத்துத் தோட்டத்து மோட்டார்கள் நின்றிருக்கும் நடுப்பகலில், எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டர் பெட்டியில் வோல்டேஜ் பாருங்கள். 240 இருக்க வேண்டிய இடத்தில் இப்போதே 250-ஐத் தொட்டால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை, அதாவது அதில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, சரிபார்க்கச் சொல்லி ஈ.பி. பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். கம்பத்திலிருந்து மீட்டருக்கு வரும் ஒயரைத் தடிமனாக மாற்றுங்கள். த்ரீ பேஸ் சர்வீஸ் இருந்தால் த்ரீ பேஸ் இன்வர்ட்டரே கேளுங்கள். கரண்ட் மூன்று பேஸிலும் பிரிந்து போவதால் வோல்டேஜ் ஏற்றம் குறையும்.

அப்புறம் அளவு. 1 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் வரும். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கிறதே. 200 யூனிட்டுக்குள் ஓட்டுகிற வீட்டுக்கு இந்தச் செலவு வீண் என்பேன். 500-ஐத் தாண்டுகிறவர்கள் தாராளமாகப் போடலாம். மத்திய அரசு மானியம் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய்தான். மானியத்துக்காக அளவைக் கூட்ட வேண்டாம். தோட்டத்து மோட்டாரின் இலவச சர்வீஸில் இந்தக் கூரை சோலார் சேராது, வீட்டு சர்வீஸ் வேண்டும்.

தெற்கே தென்னை நிற்கிறதா? மார்கழியில் சூரியன் தெற்கே சாயும்போது நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு இடம் குறியுங்கள்.

பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறும் லைன்மேன் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கரண்ட் போகும்போதும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியோடும் ஓடுகிற ஹைப்ரிட் இன்வர்ட்டரும் பேட்டரியும் வேண்டும், அதற்குத் தனிக் காசு.

எர்த்துக்குப் பேனல், இன்வர்ட்டர், இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனிக் குழி. மூடுவதற்கு முன் நின்று பாருங்கள்.