முன்பக்கம் அடிபட்ட பழைய காரில் முதல் வேலை அளவெடுப்பது

முன்சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதைப் பார்த்ததும் பலரும் ஆர்மை, அதாவது சக்கரத்தை சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) இணைக்கும் கையைக் கழற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். புது ஆர்ம், புது பால் ஜாயின்ட் (ஆர்மின் நுனியில் இருக்கும் குண்டு மூட்டு) எல்லாம் போட்டு, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோனால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்னோ பின்னோ சாயும் கோணம்) மட்டும் வரவே வராது, ஏனென்றால் ஆர்மைத் தாங்குகிற சேசிஸே வளைந்திருக்கும். முதலில் அதை அளந்து பாருங்கள்.

சமதளமான தரையில் வண்டியை ஸ்டாண்டுகள் மேல் மட்டமாக நிறுத்துங்கள், ஜாக்கியை நம்பி அடியில் போக வேண்டாம். சேசிஸில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற துளைகள், ஆர்ம் போல்ட்டுகள் இவற்றிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் இரண்டு அளவும் ஒத்துப்போக வேண்டும். 3 மி.மீ. வரை வித்தியாசம் என்றால் பெரும்பாலும் கவலையில்லை, அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் அளவு இருந்தால் அதுதான் கணக்கு. தரையில் வைத்த புள்ளி உயரத்தைக் காட்டாது, அதனால் ஒவ்வொரு இடமும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்றும் பாருங்கள். முறுக்கிக்கொண்ட சேசிஸ் அதில்தான் மாட்டும்.

வளைந்த சேசிஸை இழுத்து நிமிர்த்துவதை, வண்டியை இறுக்கிப் பிடித்து இழுக்கும் பெஞ்ச் உள்ள பட்டறையில் விடுங்கள். மரத்தில் சங்கிலி கட்டி இழுக்கிற வீரம் எல்லாம் வேண்டாம். இழுப்பை விட்டதும் இரும்பு கொஞ்சம் திரும்பி வரும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, விட்டு, அளந்து பார்ப்பதுதான் முறை. துருப்பிடித்த இடம் நிமிராது, கிழியும். அதை நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்து அதே கனத் தகடு வைக்க வேண்டும். தனி சேசிஸ் இல்லாத வண்டியாக இருந்தால் வெட்டுவதற்கு முன் கதவு திறப்புகளுக்குக் குறுக்கே கம்பி வைத்து வெல்டு செய்யுங்கள், இல்லையென்றால் வண்டியின் கூடு முழுவதும் அசைந்து அப்புறம் கதவு மூடாது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றிவிடுங்கள்.

காயில் ஸ்பிரிங்கில் அலட்சியம் உயிரையே எடுத்துவிடும். ஸ்பிரிங் கம்ப்ரெசர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) போட்டு அதை அடக்காமல் பால் ஜாயின்ட் நட்டை முழுசாகக் கழற்றாதீர்கள். வளைந்த ஆர்மையும் ஸ்டப் ஆக்ஸிலையும் (சக்கரம் சுழலும் குட்டை அச்சு) சூடாக்கி நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள், மாற்றுவது ஒன்றுதான் வழி. புதுசு கிடைக்காமல் உடைப்புக்குப் போன பழைய வண்டியிலிருந்து எடுத்தால் விரிசல் காட்டும் சாயம் தடவிப் பார்த்த பிறகு மாட்டுங்கள்.

ஆர்ம் சேசிஸோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் முழுசாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

கடைசியில் அலைன்மென்ட்: காஸ்டர், கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்), அப்புறம் டோ (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு). புத்தகத்தில் இருக்கும் அளவு அந்தக் காலத்து கிராஸ் பிளை (உள்ளே நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும்) டயருக்கானதாக இருக்கலாம், ரேடியல் போட்டிருந்தால் அலைன்மென்ட் செய்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.